டிமென்ஷியாவில் போன அம்மாவின் வருஷத் திதிக்கு எதைக் கொடுப்பது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 7 வருஷம் மறதி நோயோடு இருந்த அம்மா போன மாசியில் தவறிவிட்டார். வருஷத் திதி நெருங்குகிறது. அண்ணன், இவர், பிரான்சில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை, மூவரும் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வடலூரில் அன்னதானத்துக்குக் கொடுப்பதா, முதியோர் இல்லத்துக்கா, இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கா என்பது கேள்வி. அம்மாவுக்கு வந்தது அல்சைமரா வேறு ஏதாவதா என்று கடைசிவரை தங்களுக்குத் தெளிவாகத் தெரியாது என்று ஒரு வரி. நோயின் பெயரை எங்கேயும் போட வேண்டாம், பைத்தியம் என்று பேசுவார்கள் என்று அண்ணன் சொல்வதாக இன்னொரு வரி. கடைசியில், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, அம்மாவின் கட்டில், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி எல்லாம் பின்கட்டு அறையில் அப்படியே இருக்கின்றன, யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறார்.

அம்மா உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கையைவிட்டுப் போனார். இப்போது எந்த அம்மாவின் பெயரால் கொடுப்பது, எங்கே கொடுத்தால் அது அவருக்குப் போய்ச் சேரும் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் 31 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். அதில் கடைசி 12 வருஷம் முதியவர்கள், மனநலப் பிரிவு. பணி ஓய்வுக்குப் பிறகு அரியாங்குப்பம், தவளக்குப்பம், பாகூர் பக்கம் படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்கு வாரம் மூன்று நாள் போய்வருகிறேன். என் மாமியாருக்கும் இதே நோய்தான். 9 வருஷம் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். கணக்கு, வரி பற்றிச் சொல்வதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோயின் பெயர். டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோய் கிடையாது. மறதியில் தொடங்கி, வழி தெரியாமல் போய், பேச்சு குறைந்து, கடைசியில் விழுங்குவதே மறந்துபோகும் ஒரு நிலைக்குப் பெயர் அது. அந்த நிலைக்குக் கொண்டுபோகும் நோய்கள் பல. அதில் பெரும்பங்கு அல்சைமர். அதற்கு அடுத்து, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூளையின் ரத்தக் குழாய்களைக் கெடுப்பதால் வருவது. வயதானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருப்பதும் உண்டு. ஆகவே உங்கள் அம்மாவுக்கு எந்த வகை என்று யாரும் அடித்துச் சொல்லாமல் போனதற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்த நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டது. நீங்கள் கொடுக்கப்போவது ஆராய்ச்சிக்கு என்றால் வகை முக்கியம். பராமரிப்புக்கு என்றால் வகை தெரியாமலே கொடுக்கலாம். ஏழாவது வருஷத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அதே ஈரப் படுக்கை, அதே தூக்கமில்லாத இரவு.

அன்னதானத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடலூர்க்காரர்களுக்கு வடலூர் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உங்கள் அம்மா தைப்பூசத்துக்குப் போனவராக இருந்தால், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தவராக இருந்தால், தருமசாலைக்குக் கொடுப்பது அவர் நினைவு நன்றாக இருந்த நாளில் அவரே செய்துவந்த காரியம். அதை நிறுத்தாதீர்கள். படித்த சிலர் சோறு போடுவதைவிட ஆராய்ச்சிக்குக் கொடு என்பார்கள். பசித்தவன் சாப்பிடுவது கண்ணெதிரே நடந்து முடிந்துவிடும் நன்மை. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் 2 லட்சத்தையும் அதற்கே கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். வடலூருக்கு அரிசி கொடுக்க இந்த மாவட்டம் முழுக்க ஆள் இருக்கிறது. நான் அடுத்துச் சொல்லப்போகிறவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது வேறு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் திதி அன்று செய்வது இதைத்தான். சில வருஷம் முன்னால் ஓர் இல்லத்தில் நான் நேரில் பார்த்தது. மறதி நோயாளிகள் 14 பேர் இருந்த கூடம். ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் திதிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தது. நல்ல மனிதர்கள், மனசார வந்தவர்கள். மாலை போட்ட பெரிய படத்தைக் கூடத்தின் நடுவில் நாற்காலியில் வைத்தார்கள். ஊதுபத்தி, மைக், போட்டோ எடுக்க இரண்டு பேர். தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பாட்டியும் அந்த நோயாளிகளில் இருந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்ல யாரு பூட்டாங்க? எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அந்தச் சத்தத்தின் நடுவில் இலையில் வடை, அப்பளம், பாயசம் எல்லாம் வந்தன. ஒரு பெரியவர் வடையை மெல்லாமல் விழுங்கப் பார்த்து, புரையேறி, முகம் நீலம் பாரித்துவிட்டது. அவரை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டித்தான் துண்டை வெளியே எடுத்தோம். வந்திருந்த குடும்பத்தின் மூத்த மகன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நோய் முற்றிய ஒருவருக்கு மென்று விழுங்குவது நம்மைப் போலத் தானாக நடப்பதில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது இந்த நோயாளிகளின் சாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. ஆகவே சாப்பாடுதான் கொடுப்பது என்று முடிவு செய்தால், முதல் நாளே இல்லத்தின் நர்சைக் கேளுங்கள். குழைந்த பருப்புச் சோறு, நன்றாக மசித்த பொங்கல், வெந்த பூசணிக்காய் கூட்டு, மசித்த வாழைப்பழம், இவை போதும். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், முந்தைய வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். ஒருவருக்கு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். பொழுது சாயும் நேரத்தில் போகாதீர்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பதற்றம் ஏறும், "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தேடுவார்கள். படத்தை உங்கள் வீட்டுப் படையலில் வையுங்கள், அங்கே கொண்டுபோக வேண்டாம். அவர்களைப் போட்டோ எடுக்கவும் வேண்டாம். எடுக்கட்டுமா என்று கேட்டால் சம்மதமா இல்லையா என்று சொல்ல முடியாதவர்கள் அவர்கள். திதி அன்றுதான் போக வேண்டும் என்றும் இல்லை. தீபாவளி, பொங்கல், அமாவாசை நாட்களில் ஒரே மதியத்துக்கு மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து வீணாவதைப் பார்த்திருக்கிறேன். அதே இல்லத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஊட்டிவிட ஆள் இருக்காது.

பணத்தால் தீரும் குறைகளில் முதலாவதை, பலர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். டயப்பர். அடுத்தது காற்று அடிக்கும் மெத்தை. நீங்கள் 7 வருஷம் பார்த்தவர், உங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 30 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு மூன்று என்றால் மாதம் 2,700 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது முடியாது. அதனால் காலையில் கட்டியதை இரவுவரை விட்டுவிடுவார்கள். ஈரம் ஊறி, தோல் உரிந்து, இடுப்பெலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அளவில் சிவப்பு தெரியும். பத்து நாளில் அதுவே விரல் போகும் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, தோலைக் காய வைப்பது, காற்று மெத்தை, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான படுக்கைப் புண்களை வராமலே தடுத்துவிடலாம். மெத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் புரட்டாமல் விட்டால் பிரயோஜனம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பலர் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியில் வருஷா வருஷம் அம்மா பெயரில் ஏதாவது செய்யலாம் என்று நினைப்பார்கள். 2 லட்சத்துக்கு 6 சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 12,000, மாதம் 1,000 ரூபாய். மேலே சொன்ன டயப்பர் கணக்கில் ஒரே ஒருவருக்கு 11 நாள். விலைவாசி ஏற ஏற அதுவும் குறையும். அதே பணத்தை மாதம் 8,000 வீதம் செலவழித்தால் 24 மாதத்துக்கு 1,92,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு வீட்டின் டயப்பருக்கு 2,700 போக, மீதியில் வாரத்துக்கு ஒரு நாளாவது பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மாவை அமர்த்தலாம். மிச்சமிருக்கும் 8,000-க்கு வடலூருக்கு அரிசி. அம்மா பெயர் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தத் தொகையில் நிரந்தர நிதியைவிட, செலவழித்து முடித்துவிடுவதே நோயாளிக்கு அதிகம் உதவும் என்பது என் முடிவு.

அந்த ஆயாம்மா விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு நாலாவது வருஷம் இரவும் பகலும் மாறிப்போனது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, தாழ்ப்பாளைத் துழாவுவார். "பாகூருக்குப் போகணும், ஆத்தா காத்துக்கினு இருக்கும்" என்பார். அவருடைய அம்மா இறந்து 40 வருஷம் ஆகியிருந்தது. நான் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பேன். காலை ஆறரைக்கு டியூட்டி பஸ். பணம் அனுப்பிய உறவினர்கள் இருந்தார்கள், பழம் வாங்கி வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நன்றி உண்டு. ஆனால் எதிர்வீட்டில் இருந்த ஒரு விதவை அக்கா வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வந்து, வாசல் நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்து, மடியில் முறத்தைக் கொடுத்து, துவரையில் கல் பொறுக்கச் சொல்வார். கல் இருக்காது, கை வேலையாக இருந்தால் மனசு அடங்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீ உள்ள போயி படு, அஞ்சு மணிக்கு எழுப்புறேன்" என்பார். இரண்டு மணி நேரம். 9 வருஷத்தில் நான் பயமில்லாமல் தூங்கிய தூக்கம் அதுதான்.

இப்படிப்பட்ட வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடலூரில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார நர்சுக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுப்பவர்கள், பிசியோதெரபி செய்பவர்கள், படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் ஒற்றை ஆளாக ஒரு மகளோ மருமகளோ வயதான மனைவியோ மல்லாடுகிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. புதுச்சேரியில் என்றால் பெரிய மருத்துவமனைகளின் மருத்துவ சமூக சேவகரைக் கேட்கலாம். வீட்டைக் கண்டபிறகு, மொத்தப் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். அவமானமாக நினைப்பார்கள், அல்லது வட்டிக் கடனுக்குப் போய்விடும், இரண்டும் நடந்திருக்கிறது. ஆயாம்மாவின் சம்பளத்தை நீங்கள் நேராகக் கொடுங்கள், டயப்பரை மருந்துக்கடையில் மாதா மாதம் உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடுவில் நின்றுபோகும் உதவி, அதை நம்பி வேலைக்குப் போகத் தொடங்கிய மருமகளை முன்னைவிட மோசமான இடத்தில் விட்டுவிடும்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். போன நினைவைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. 2023-இல் லெகானெமாப், 2024-இல் டொனானெமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்க நிலை அல்சைமரில் நோய் முற்றும் வேகத்தை ஓரளவு குறைப்பதோடு அவற்றின் பலன் நிற்கிறது. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரும் ஆபத்து உண்டு என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். ஆராய்ச்சி தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மருந்து ஆராய்ச்சி கோடிக்கணக்கில் நடப்பது. அதில் 2 லட்சம் எந்த இடத்தைத் தொட்டது என்று உங்களால் பார்க்க முடியாது. அப்படியும் மனசு அந்தப் பக்கம் இழுத்தால், ஆராய்ச்சியையும் பராமரிப்பையும் சேர்த்தே செய்பவர்களுக்குக் கொடுக்கலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு மனச்சிதைவு நோய்க்காக உருவானது என்றாலும் டிமென்ஷியாவுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 1992-இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கம் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில், இறந்தவர்களின் மூளையைக் குடும்பத்தின் சம்மதத்தோடு பெற்று ஆராய்ச்சிக்குப் பாதுகாக்கும் மூளை வங்கி இருக்கிறது. பணமில்லாமல் செய்யக்கூடிய கொடை அது. ஆனால் இறந்த சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. நோய் வராமல் தடுப்பதற்குக் கொடுப்பது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல், வாழ்நாளில் நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று எழுதியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை இவற்றோடு காது கேளாமையும் சரிசெய்யாத பார்வைக் குறையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இதில் உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காது கேட்காதவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவு. காதுக்கருவி மாட்டினால் வராது என்பது நிரூபணம் ஆகவில்லை. 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள முதியவர்களிடம் மட்டும் 3 வருஷத்தில் நினைவுச் சரிவு பாதியளவு குறைந்தது. ஆனால் காது கேட்டால் பேரப்பிள்ளை பேசுவது கேட்கும், கண்புரையை எடுத்தால் படி தெரியும், விழமாட்டார். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு கண் முகாமுக்கு அம்மா பெயரில் பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அண்ணனுக்கு இது பிடிக்கலாம், நோயின் பெயர் வெளியே வராது.

ஏதாவது ஓர் அமைப்புக்குக் கொடுப்பதென்றால், கொடுக்கும் முன் ஒரு முறை நேரில் போங்கள், மாலை மூன்று மணி வாக்கில், சாப்பாட்டு நேரமும் பார்வையாளர் கூட்டமும் இல்லாதபோது. உள்ளே நுழைந்ததும் வரும் வாடையை கவனியுங்கள். படுத்திருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, யாரையாவது நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். நல்ல இடத்தில் உடனே எண்ணைச் சொல்வார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிவிலக்கு கிடையாது, காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்த விலக்கே இல்லை. உங்கள் தங்கையின் பங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1962-இல் புதுச்சேரிக்காரர்கள் பிரான்சா இந்தியாவா என்று குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட நாளிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் இங்கே பல வீடுகளில் சகஜம். ஆனால் சட்டப்படி, இந்தியக் குடியுரிமையை விட்டவர் ஓர் அறக்கட்டளைக்குத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள தனிக்கணக்கில் மட்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தங்கை எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன இல்லங்கள் தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

அண்ணனைப் பற்றி. அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அம்மா தெருவில் போகிறவர்களிடம் சோறு போடவில்லை என்று சொன்னதையோ, உடம்பில் துணியில்லாமல் வாசலில் நின்றதையோ அவர் இன்னும் மனசில் சுமந்துகொண்டிருக்கலாம். எத்தனையோ ஆண்பிள்ளைகள் என்னிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். பெயர் போடாமல் கொடுத்தாலும் கொடை கொடைதான். ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியும். ஒரு குடும்பம் "எங்கள் அம்மாவுக்கு டிமென்ஷியா இருந்தது" என்று திதிப் பத்திரிகையில் ஒரு வரி போட்டது. அந்த வாரம் அதே தெருவிலிருந்து மூன்று பேர் அவர்களைத் தேடி வந்தார்கள், "எங்க அப்பாவும் இப்படித்தான் பண்றாரு, இது வியாதியா?" என்று கேட்டு. ரத்தக்கொதிப்பைக் கட்டுப்படுத்துவதோ, தைராய்டு, பி-12 குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுவதோ அப்போதுதான் நடக்கும். அண்ணனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். படத்துக்கு எந்த அம்மாவைத் தேர்ந்தெடுப்பது என்றும் உங்கள் வீட்டில் பேச்சு வந்திருக்கும். எல்லா வீட்டிலும் வரும். பளிச்சென்று பொட்டு வைத்த பழைய படத்தைத்தான் வைப்பார்கள், அதில் தவறில்லை. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத கடைசி வருஷத்து அம்மாவுக்குத்தான் நீங்கள் ஊட்டினீர்கள், துடைத்தீர்கள். அவரும் உங்கள் அம்மாதான். 2 லட்சத்தை எங்கே கொடுப்பது என்பதை அந்த அம்மாவின் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால் நான் சொன்ன டயப்பரும் ஆயாம்மாவும் தானாக நினைவுக்கு வரும்.

கடைசியாக அந்தப் பின்கட்டு அறை. திதிக்கு முன்னால் திறந்துவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், அண்ணனையோ அண்ணியையோ கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் மாத்திரை டப்பா. மிச்சமிருக்கும் மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், அது தானத்தில் சேராது. உங்கள் மருந்துக்கடையில் கேட்டு அழித்துவிடுங்கள். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டைக் கொடுக்கலாம். மூக்குக் குழாய் பாக்கெட் இருந்தால் தேதி பார்க்கவும். காற்று மெத்தையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்தி, மோட்டாரைப் போட்டு ஒரு ராத்திரி காற்று நிற்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் நூல் புடவை ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை வெட்டி மடித்துத் தைத்து, பெரிய பொத்தான், முடிச்சு, நாடா, ஒரு பழைய சாவி என்று கோத்து, மடியில் விரிக்கும் துணியாக்கலாம். கையைச் சும்மா வைத்திருக்க முடியாத நோயாளிகள் அதைத் தடவிக்கொண்டே மணிக்கணக்கில் அமைதியாக இருப்பார்கள். சாவியையும் பொத்தானையும் மட்டும் நைலான் நூலால் இறுக்கித் தையுங்கள், பிய்த்து வாயில் போட்டுவிடாதபடி. கமோடு நாற்காலியை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்து, கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், சைக்கிள் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் நான் போய்வரும் ஒரு வீட்டில், 76 வயது அம்மா ஒருவரை அவர் மருமகள் ராத்திரியில் தோளில் சாய்த்து கொல்லைக்கு நடத்திப்போகிறாள். அந்த நாற்காலி அங்கே வேண்டும். நீங்கள் திறந்ததும் எழுதுங்கள், நானே பஸ்ஸில் வந்து எடுத்துப் போகிறேன்.